அம்மாவின் பிரிண்டர்

கார்பன் நகலோடு பில் அடிக்க இன்னும் அம்மாவின் பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்தான் வேண்டும். என் புதுக் கம்ப்யூட்டருக்கோ அதை அடையாளமே தெரியவில்லை. கேபிளை மாற்றி, ஏதேதோ டிரைவர் இறக்கி, ஒருவழியாக அது 'கிர்ர்' என்று அலறியதும், பழைய பழக்கத்தில் யாராவது தூங்குகிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

நான் சிறுமியாக இருந்தபோது ராயபுரத்தில் எங்களுக்கு ஒற்றை அறை வீடு. அப்பா துறைமுகத்தில் நைட் ஷிப்ட் முடித்துவந்து பகலில் தூங்குவார். அந்த நேரத்தில்தான் அம்மா சரக்கு ஏஜென்டுகளுக்குப் பில் அடித்தாக வேண்டும். பிரிண்டரைப் போர்வையால் மூடுவாள், அப்படியும் அலறும். அப்பா புரளும்போதெல்லாம் நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.

ஒருநாள் அப்பா எழுந்து, பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு வெளியே கிளம்பினார். காகிதம் தரையில் இழுபட்டது. அம்மா வாசலை மறித்தாள்.

"அத்த வெளிய போட்டினா நானும் பூடுவேன்."

அப்பா பிரிண்டரோடு உள்ளே திரும்பினார். பிறகு அதை மேசைமேல் வைத்துவிட்டு, தலையணையோடு மாதா கோயில் வராந்தாவுக்குப் போனார். ரிட்டயர் ஆகும்வரை பகல் தூக்கம் அங்கேதான்.

இன்று காகிதத்தைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன்: "நெசமாவே போயிருப்பியாம்மா?"

"பின்ன? கட்டிலுக்கு அடியில பையக் கட்டி வெச்சிகினுதான இருந்தேன். உன் கவுனும் அதுலதான் இருந்திச்சி."