துண்டு கேட்காத ஆஸ்பத்திரி

தோழியரே, இன்று மகளுடன் பதுளையில் ஒரு சட்டத்தரணியைச் சந்தித்துத் திரும்பினேன்.

என் மகள் செல்விக்கு இடுப்பில் வலி தொடங்கியபோது, அதைக் குளிர்ப்பிடிப்பு என்றார் எங்கள் தேயிலைத் தோட்டத்து மருந்துக்காரர். காய்ச்சல் வந்த பின்பும் அதே தண்ணீர் மருந்துதான். பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பும் துண்டுச்சீட்டை மூன்று மாதம் கேட்டும் அவர் தரவில்லை. தந்த நாளில் மூட்டு சீழ்பிடித்து அரித்துப்போயிருந்தது. பதினாறு வயதில் அவள் கால் நிரந்தரமாக ஊனமாயிற்று.

அத்துண்டைப் ‘பரிந்துரைப் பத்திரம்’ என்று திருத்தமாக எழுதி, மருந்துக்காரர்மேல் நான்கு பக்க மனுவை நானே தயாரித்திருந்தேன்.

சட்டத்தரணி வாசித்து முடித்தார். “தமிழ் நல்லா இருக்கும்மா. ஆனா துண்டுக்கு ஏன் காத்திருந்தீங்க?”

“துண்டு இல்லாம பெரியாஸ்பத்திரியில பாக்க மாட்டாங்களேங்க.”

“யாரு சொன்னா? அது அரசாங்க ஆஸ்பத்திரி. யாரும் நேரா போகலாம். வழக்குப் போட்டா எதிர்த்தரப்பு மொதல்ல இதத்தான் கேக்கும்.”

வழக்கைத் தொடுப்பதென்றே முடிவு செய்தோம்.

வீடு திரும்பும் ஹாலிஎல பஸ்ஸில் செல்வி மெல்லக் கேட்டாள்: “அம்மா, அப்ப நாம சும்மாவே போயிருக்கலாமா?”

எத்தனையோ அருஞ்சொற்களைத் தனியே கற்றவள் நான். அவளிடம் ‘ஆமா’ என்று மட்டும் சொன்னேன்.

யார் சொன்னார் என்று இன்னும் யோசிக்கிறேன். எவரும் சொன்னதில்லை, எல்லோரும் நம்பியிருந்தோம். உங்களுக்கு யாரேனும் சொல்லியிருந்தால் எழுதுங்கள். உங்கள் லயத்து வீட்டு வரிசையில் எவரேனும் துண்டுக்குக் காத்திருந்தால், இன்றே போய்ச் சொல்லுங்கள். அதைச் சொல்லவும் துண்டு தேவையில்லை.