அமாவாசைக்கு முந்தின நாள் ஆரணியில் ஒரு லக்ராஸ் மேட்ச்

தரணேந்திரன் என் ஹாஸ்டல் ரூம்மேட். இப்போது ஆரணிப் பக்கம் ஒரு கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர். "ஒருதரம் வந்து எங்க பசங்க ஆடுறதப் பாருடா" என்று மூன்று வருடமாகக் கூப்பிடுகிறான். நானும் மூன்று வருடமாக "அடுத்த மாசம்" என்று டபாய்த்துக்கொண்டிருந்தேன். போன மாதம் போன் செய்தபோது குரலே வேறு மாதிரி இருந்தது. சென்னையிலிருந்து ஒரு கல்லூரி அணி ஆரணிக்கே வந்து ஆட ஒத்துக்கொண்டிருக்கிறதாம். சனிக்கிழமை, மதியம் இரண்டரை. இதற்கும் வராவிட்டால் என் நம்பரை அழித்துவிடுவதாகச் சொன்னான். கிளம்பிவிட்டேன்.

லக்ராஸ் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: நுனியில் சின்ன வலை கட்டிய நீளக் கம்பு. அந்த வலையில் ரப்பர் பந்தை ஏந்திக்கொண்டு ஓடவேண்டும், வீசவேண்டும், எதிராளியின் கோலுக்குள் போடவேண்டும். பக்கத்துக்குப் பத்துப் பேர். தலையில் ஹெல்மெட், கையில் தடிமனான கிளவுஸ். பந்து பார்க்கச் சின்னதுதான், பட்டால் ஒரு வாரம் வலிக்கும். இது எப்படி ஆரணிக்கு வந்தது என்றால், தரணேந்திரன் ஒரு பயிற்சி முகாமுக்குப் போய்வந்தான், அவ்வளவுதான். அவனுக்கு ஒன்று பிடித்துவிட்டால் யாராலும் தடுக்க முடியாது.

தாம்பரத்தில் காலை 5.40க்கு காஞ்சிபுரம் பஸ், டிக்கெட் 55 ரூபாய். காஞ்சிபுரத்தில் மாறி, செய்யாறு வழியாக ஆரணி, 60 ரூபாய். ஜன்னல் சீட் கிடைத்தது, ஆனால் ஜன்னல் மூடவில்லை. 9.45க்கு ஆரணி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது என் தலைமுடியை நானே கையால் தேடவேண்டியிருந்தது. பக்கத்துச் சந்தில் பொங்கல், வடை, காபி எல்லாம் சேர்த்து 85 ரூபாய். பொங்கலில் நெய்யைப் பற்றிக் கவலைப்படாத கடை. அங்கிருந்து கல்லூரிக்கு ஆட்டோ 80 ரூபாய்.

மைதானத்தில் தரணேந்திரன் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தான். ஆள் அப்படியே இருக்கிறான், தொப்பை மட்டும் புதிது. ஜைனக் குடும்பம். பொழுது சாய்ந்தபின் சாப்பிடமாட்டான். ஹாஸ்டலில் இவன் ஐந்து மணிக்கே தட்டோடு மெஸ் வாசலில் நிற்பான், சமையற்காரர் திட்டுவார்.

அணிக்குப் பயிற்சியாளர்கள் மூன்று பேர். தலைமை தரணேந்திரன். இரண்டாவது ரேவதி மேடம், கணக்குப் பேராசிரியை. விதிப் புத்தகத்தை முழுசாகப் படித்த ஒரே ஆள் அவர்தான், தடுப்பாட்டம் அவர் பொறுப்பு. பெரிய பையன்கள்கூட அவர் விசிலுக்கு நடுங்குகிறார்கள். மூன்றாவது ஏழுமலை. முள்ளிப்பட்டில் பட்டு நெசவாளி, முப்பத்தெட்டு வயது, கல்லூரி வாசலை மாணவனாக மிதித்ததில்லை. கம்பு வலைகள் அறுந்துபோனபோது முடிச்சுப் போட்டுத்தரக் கூப்பிட்டிருக்கிறார்கள். வந்த இடத்தில் சும்மா விளையாட்டுக்குக் கோலில் நின்றவர், வந்த பந்தையெல்லாம் பிடித்துவிட்டார். அன்றிலிருந்து கோல்கீப்பர் கோச்.

"அவருக்குக் கண்ணுடா," என்றான் தரணேந்திரன். "நாலாயிரம் இழையில ஒண்ணு அறுந்தா தெரியற கண்ணு. பந்து கம்ப விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடியே எங்க வருதுன்னு சொல்லிடுவார்."

ஆனால் அந்தக் கண் இதுவரை ஒரு மேட்ச்கூடப் பார்த்ததில்லை. வெளியூர் போட்டி என்றால் மூன்று நாள் தறியை விட்டுப் போகவேண்டும், கட்டுப்படியாகாது. இரண்டு வருடமாகச் சாயங்காலம் சாயங்காலம் வந்து முரளி என்ற பையனை கோல்கீப்பராக்கியவர், அவன் நிஜ ஆட்டத்தில் நின்று பந்து பிடித்ததைப் பார்க்கவே இல்லை. இந்த ஊர்ப் பக்கம் அமாவாசையன்று தறி நிறுத்துவார்கள். அதனால்தான் தரணேந்திரன் கெஞ்சிக் கூத்தாடி அமாவாசையன்று, சொந்த மைதானத்தில், மேட்ச் வைத்திருந்தான். ஏழுமலை பார்க்கவேண்டும், அதுதான் விஷயம்.

11.15க்கு ஏழுமலை மொபெட்டில் வந்தார். லுங்கி, சட்டையில் பட்டு நூல் துணுக்குகள், பின்னால் சரிசெய்த இரண்டு கம்புகள். மைதானத்தைப் பார்த்து முகம் சுருக்கினார்.

"இன்னா சார், இன்னிக்கே கோடு போட்டுகினு இருக்கீங்க?"

"இன்னிக்குத்தானே மேட்ச்," என்றான் தரணேந்திரன்.

"அமாவாசைன்னு சொன்னீங்களே?"

"இன்னிக்குத்தான் அமாவாசை. ஆபீஸ் காலண்டர்ல பாத்துதான் தேதி குடுத்தேன்."

"மத்தியானத்துக்கு மேலதான் சார் பொறக்குது. நாளைக்குக் காலைல வரைக்கும் இருக்குது. எங்க ஊர்ல நாளைக்குத்தான் தறி லீவு."

தப்பு யார் மேலும் இல்லை. சென்னைக்காரர்களுக்குத் தேதி சொன்ன தரணேந்திரன், ஏழுமலையிடம் "அமாவாசை அன்னிக்கு" என்று மட்டும் சொல்லியிருக்கிறான். அவரும் தலையாட்டியிருக்கிறார். இருவரும் ஒரு மாதமாக இதைப் பற்றித் தினமும் பேசிக்கொண்டிருந்தவர்கள். ரேவதி மேடம் நெற்றியில் கைவைத்துக்கொண்டு, "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார். தரணேந்திரன் சுண்ணாம்பு வாளியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

அணியில் தறி வீட்டுப் பையன்கள் நான்கு பேர், அவர்களும் மேட்ச் நாளைக்கு என்றே இருந்தார்கள். மூன்று பேரை போனிலேயே பிடித்தாயிற்று, வருகிறோம் என்றார்கள். முரளி மட்டும் எடுக்கவில்லை. அவன் இல்லையென்றால் கோலில் நிற்க வேறு ஆள் கிடையாது. சென்னை பஸ் ராணிப்பேட்டை தாண்டிவிட்டது. இவ்வளவு தூரம் வந்து ஆடாமல் திரும்பினால் அடுத்து எந்த அணி இங்கே வரும்?

ஏழுமலை மொபெட்டில் முன்னால் போக, தரணேந்திரன், ரேவதி மேடம், நான் மூவரும் ஆட்டோவில். முள்ளிப்பட்டு பக்கம்தான், இருபது நிமிஷத்துக்குள் போய்விடலாம், போய்வர ஆட்டோக்காரர் 250 ரூபாய் வாங்கினார். (பேரம் பேச நேரமில்லை. நீங்கள் பேசுங்கள்.) தெருவில் நுழைந்ததும் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். லீவு இல்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

முரளி தறியில் இருந்தான். ராமர் பச்சையில் அரக்கு பார்டர் வைத்த பட்டுப்புடவை. உடலும் முந்தானையும் முடிந்து பிளவுஸ் துணி மட்டும் பாக்கி. ஐந்து மணிக்குள் தறியிலிருந்து அறுத்துக் கொடுத்தாக வேண்டும். வேலை கொடுத்த முதலாளி வீட்டில் கல்யாணக்காரர்கள் வந்து காத்திருப்பார்கள். எப்படி ஓட்டினாலும் நாலு மணி ஆகும் என்றான். எங்களைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது பையனுக்கு. "நாளைக்குன்னு நெனச்சிகினு இருந்தேன் சார்," என்றான்.

ஏழுமலை ஒரு நிமிஷம் தறியைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, "எழுந்திருடா" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. முரளியின் அம்மா சாந்திக்கு உடனே புரிந்துவிட்டது.

"அண்ணா, கை மாறினா தெரியும். அவனுக்குக் கை லேசு, உங்களுக்குக் கனம். துணி பட்டை அடிக்கும், கோடு கோடாத் தெரியும்."

"பொடவையில மாத்துனா நானே ஒத்துக்கமாட்டேம்மா. இது பிளவுஸ் துணி. வெட்டித் தச்சா யாருக்குத் தெரியப்போவுது?"

"முதலாளி கேட்டா?"

"எம்பேர சொல்லு. நான் பேசிக்கறேன்."

முரளி எழுந்திருக்கவில்லை. "நீங்க பாக்கணும்னுதானேண்ணா மேட்ச்சே வெச்சாங்க. நீங்க இங்க உக்காந்தா நான் எதுக்குப் போவணும்?"

ஏழுமலை அவன் தோளைப் பிடித்துத் தூக்கியே விட்டார். "நான் அங்க நின்னாலும் பால புடிக்கப்போறது நீதான. பேஜார் பண்ணாத, ஜல்தி கெளம்பு. இடுப்புக்குக் கீழ வர்ற பாலுக்கு மொதல்ல கால வை, அப்பறம் கம்ப எறக்கு. எத்தினி தபா சொல்லிக்கிறேன்."

ஏழுமலை தறியில் உட்கார்ந்து ஓட்டிய முதல் நாலு விரற்கடையைச் சாந்தி தடவிப் பார்த்தார். தெரியத்தான் செய்கிறது என்றார். அப்புறம் அவரே மகனின் பையை எடுத்துவந்து கொடுத்தார். முரளியை ஏற்றிக்கொண்டு ஆட்டோவில் திரும்பினோம். பெரிய தியாகம் எதையும் செய்த மாதிரி ஏழுமலை முகத்தில் ஒன்றும் இல்லை என்பதுதான் எனக்கு என்னமோ செய்தது.

2.45க்கு ஆட்டம் தொடங்கியது. சென்னைப் பையன்கள் ஆளுக்கு ஆறடி. முதல் கால் பகுதியிலேயே மூன்று கோல். முரளி பந்து வரும் பக்கம் பார்க்காமல் கேட் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். ரேவதி மேடம் இடைவேளையில் அவன் ஹெல்மெட்டைப் பிடித்துத் திருப்பி, "பந்து அந்தப் பக்கம் இருக்கு" என்றார். அதற்குப்பின் பையன் வேறு ஆள். காலை வைத்தான், கம்பை இறக்கினான், ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்தான். தரணேந்திரன் ஏழுமலைக்கு ஐந்து தடவை போன் போட்டான். தறியில் இருப்பவருக்குக் கை ஏது? மணி அடித்து அடித்து நின்றது. கடைசியில் 8-7 என்று தோற்றோம். ("தோற்றோம்" என்று எழுதுகிறேன் பாருங்கள். காலையில் வந்தவன்.)

4.40க்கு மொபெட் சத்தம். பையன்கள் கிளவுஸைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். சென்னைக்காரர்கள் பாதிப்பேர் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். ஏழுமலை வண்டியை நிறுத்திவிட்டு மைதானத்தைப் பார்த்தார், கோலைப் பார்த்தார், "முடிஞ்சிடுச்சா" என்றார். புடவையை நாலேகாலுக்கே சாந்தியிடம் அறுத்துக் கொடுத்தாயிற்றாம். அதைத்தான் முரளியிடம் முதலில் சொன்னார்.

சென்னை கோச் கனத்த உடம்பு, சிரிக்காத ஆள். சாயங்காலம் முழுக்க நடுவரோடு சண்டை போட்டவர். "யார் இவரு?" என்றார்.

"எங்க கோல்கீப்பர் கோச்," என்றான் தரணேந்திரன். "முரளிக்காகத் தறியில உக்காந்துட்டு வரார். அவன் ஆடி இதுவரைக்கும் ஒருதரம்கூடப் பாத்ததில்ல."

அந்த மனிதர் நேராக பஸ்ஸுக்குப் போனார். ஜன்னலைத் தட்டி மூன்று பேரை இறக்கினார், நன்றாகக் கோல் போட்ட மூன்று பேரை. "ஹெல்மெட் போடுங்க. பத்துப் பால். யாராவது மெதுவா அடிச்சீங்க, ஊர் வரைக்கும் நடந்துதான் வரணும்."

டிரைவர் ஹாரன் அடித்தார். ஒருவரும் திரும்பவில்லை. முரளி மறுபடி கிளவுஸ் மாட்டிக்கொண்டு கோலில் நின்றான். ஏழுமலை வலைக்குப் பின்னால் போய் நின்றார். கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். முதல் மூன்று உள்ளே போயிற்று. நாலாவதைப் பிடித்தான், ஐந்தாவதையும். எட்டாவது இடது முழங்கால் பக்கம் தரையில் குத்தி எழும்பி வந்தது, எனக்குப் பந்தே தெரியவில்லை. முரளி காலை வைத்தான், கம்பு தானாக இறங்கியது, டப் என்று ஒரு சத்தம். வலைக்குப் பின்னால் ஏழுமலை லுங்கி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ரேவதி மேடம் விசிலை வாயில் வைத்தபடியே அழுதுகொண்டிருந்தார். நானும்தான், மறைக்க என்ன இருக்கிறது.

போக விரும்புகிறவர்களுக்கு: சென்னையிலிருந்து நாலு மணி நேரம், காஞ்சிபுரத்தில் மாறுவது நல்லது. திரும்ப ஏழு மணி பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. முள்ளிப்பட்டில் தறி பார்க்கப் போனால் வேலை நேரத்தில் வாசலிலேயே நின்று கேட்டுவிட்டு நுழையுங்கள், பேச்சுக் கொடுத்து இழை எண்ணிக்கையைக் குழப்பாதீர்கள். தரணேந்திரனோடு சாப்பிடுவதென்றால் ஐந்தரைக்குள். கல்லூரி மைதானத்தில் சாயங்காலம் நாலரைக்குப் பயிற்சி உண்டு, யாரும் தடுக்கமாட்டார்கள். ஓரமாக நில்லுங்கள், பந்து வேகமாக வரும். கோலுக்குப் பின்னால் நிற்க ஒருவருக்கு மட்டும்தான் அனுமதி. அவரிடம் போய் அன்றைக்கு யார் ஜெயித்தார்கள் என்று கேட்காதீர்கள், அவருக்குத் தெரியாது. எட்டாவது பந்து எப்படி வந்தது என்று கேளுங்கள், மொபெட்டை ஸ்டாண்ட் போட்டுவிட்டுச் சொல்வார்.