ஹலீமா பீயின் நெருப்புச்சட்டி

மேல்விஷாரத்தில் ஹலீமா பீயைப் புகழாதவர்கள் குறைவு. அவளிடம் மருதாணி வைத்துக்கொண்ட பெண்கள்தான் அந்தக் குறைந்த கூட்டம்.

கல்யாண வீட்டுக்குள் முதலில் அவளுடைய நெருப்புச்சட்டி நுழையும், பிறகு அவள் நுழைவாள். இலையைப் பற்றி அவளுக்கு அக்கறை கிடையாது. பழுத்ததோ பூச்சி அரித்ததோ, கிடைத்ததைத் தண்ணீர் விட்டு ஒன்றிரண்டாக அரைப்பாள். அடுத்த வீட்டுக்குப் போகவேண்டிய அவசரத்தில், பூசியது காய்வதற்குள் சுரண்டி எடுத்துவிடுவாள். பிறகு தவாவில் லவங்கத்தைப் போட்டுப் புகைய விட்டு, மணப்பெண்ணின் கையை அதன்மேல் பிடித்து, அப்பளம்போலத் திருப்பித் திருப்பிச் சுடுவாள்.

சூடு ஏற ஏற நிறம் ஏறும், தோல் என்றால் எல்லாம் தோல்தான் என்பது அவள் சித்தாந்தம். அவள் புருஷன் சத்தார் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்தவன். கொதிக்கும் தண்ணீரில் போட்டால் தோல் சுருண்டுவிடும் என்று அவனுக்குத் தெரியும். அதை மனைவியிடம் சொல்லும் தைரியம்தான் இல்லை.

சூட்டின் வேலை சிறியது. நைசாக அரைத்த மருதாணி இரவெல்லாம் இருந்து கைக்குள் இறக்கிய நிறத்தை அது ஆழமாக்கும். இறங்காத நிறத்தை எந்த நெருப்பும் கொண்டுவராது. கை இதமாக இருந்தால் போதும். வியர்த்தால் பூச்சு வழிந்துவிடும். இது தெரியாமலேயே ஹலீமா பீக்கு வயதாகிவிட்டது.

எப்படிப் பிழைத்தாள் என்றால், ஊர் நம்பிக்கையால் பிழைத்தாள். மருதாணி நன்றாகச் சிவந்தால் மாமியார் மருமகள்மேல் ஆசையாக இருப்பாள் என்பார்கள். நிறம் பிடிக்காத வீட்டில் அவள் உதட்டைப் பிதுக்கி, தன் வேலையில் குறை இல்லை, மாமியார் மனசு அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுக் கிளம்புவாள். அதற்குமேல் எந்தத் தாய் வாய் திறப்பாள்?

கடைசியில் அவளுடைய மகள் வஹீதாவுக்கே கல்யாணம் வந்தது. மாப்பிள்ளையின் தாய் அக்தர் பானு. சம்பந்தத்தை ஆண்கள் தோல் ஷாப்பிலேயே பேசி முடித்திருந்தார்கள். அக்தர் பானுவின் மூத்த மகளுக்கும் ஹலீமா பீதான் மருதாணி வைத்திருந்தாள், அது வெளிறிப்போயிருந்தது என்பது அவர்கள் பேச்சில் வரவில்லை.

மகளுக்கும் அதே இலை, அதே அவசரம். நிக்காஹ் அன்று காலையில் வஹீதாவின் கை பழைய மஞ்சள் துணி நிறத்தில் இருந்தது. ஹலீமா பீ பதறிப்போய்க் கரியை ஊதினாள். சுட்ட சூட்டில் உள்ளங்கை ரத்தமாகச் சிவந்தது. நிறம் வந்துவிட்டது என்று அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பு தணிந்து, பழைய துணி திரும்பி வந்தது. போதாததற்கு விரல் நுனியில் ஒரு கொப்புளம்.

இந்த நேரத்தில் அக்தர் பானு சீர்த்தட்டோடு உள்ளே வந்தாள். தட்டை வைத்துவிட்டுப் பெண்ணின் கையை எடுத்துப் பார்த்தாள்.

"இன்னா சம்மந்தி, எனக்கு இவமேல ஆசை இல்லியா?"

ஹலீமா பீ தடுமாறினாள். "அது இல்ல... கரி கொஞ்சம் ஈரமா பூட்ச்சி."

"என் பொண்ணுக்கு வெச்ச அன்னிக்கும் ஈரம்தானா? மாமியா மனசு சரியில்லன்னு இல்ல சொன்னீங்க? வூட்டுக்குள்ள கால் வெக்கறதுக்கு முன்னியே எனக்குக் கெட்டவன்னு பேர் வாங்கிக் குடுத்தாளேன்னு, அவ மாமியா இன்னிவரைக்கும் அவளாண்ட மொகம் குடுத்துப் பேசறதில்ல."

கூடியிருந்த பெண்களில் பலர் ஹலீமா பீயிடம் சூடு பட்டவர்கள். ஒவ்வொருத்தியாக அக்தர் பானுவின் பக்கம் நகர்ந்துகொண்டார்கள்.

அக்தர் பானு குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "அந்தம்மா ஆற்காட்லதான் இருக்காங்க. போயி, கொற என் வேலையிலன்னு சொல்லிட்டு வாங்க. அப்பறம் நிக்காஹ் நடக்கட்டும்."

ஹலீமா பீ மகளைப் பார்த்தாள். மகள் கொப்புளத்தை ஊதிக்கொண்டிருந்தாள். சத்தார் ஓடிப்போய் ஜட்கா பிடித்து வந்தான்.

ஆற்காட்டில் அவள் முதலில் கரிக்காரனைத் திட்டினாள், பிறகு மழையைத் திட்டினாள். அந்த மாமியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இலையை அரைத்தது யார், பாதியில் சுரண்டியது யார் என்று மட்டும் கேட்டாள். "நாந்தான்" என்ற ஒரு சொல் வெளியே வர, வாசலில் ஜட்காக்காரன் குதிரைக்குப் புல் போட்டு, அது தின்று முடிக்கும் நேரம் ஆனது.

அன்று மாலை நிக்காஹ் நடந்தது. வஹீதா வெளிறிய கைகளை மறைக்காமல் மடிமேல் விரித்து வைத்திருந்தாள். அக்தர் பானு கொப்புளத்தின்மேல் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள்.