பாறையில் விழுந்த குழிகள்

கூட்டேரிப்பட்டில் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பினால், மல்லாட்டை என்று இங்கே சொல்லும் வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே ஒரு குன்று நிற்கிறது. அரசுப் புறம்போக்கு. பலகை கிடையாது, வேலி கிடையாது. கிழக்குச் சரிவில், குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு குகை. அதன் உட்சுவரில் செங்காவியால் வரைந்த உருவங்கள் உண்டு: கை தூக்கிய மனிதர்கள், கொம்பு நீண்ட ஒரு மான், பாதியில் விடப்பட்ட இன்னொரு விலங்கு. எந்தப் பட்டியலிலும் இவற்றை நான் பார்த்ததில்லை. கல்வெட்டு இருந்தால் ஆட்சியாண்டை வைத்து ஏதாவது கணக்கிடலாம். இங்கே ஓர் எழுத்துகூட இல்லை. ஒவ்வோர் ஆண்டும் மழை ஓய்ந்ததும் போய், நிறம் மங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவேன். என்னால் முடிந்த பாதுகாப்பு அவ்வளவுதான்.

கொரோனா அடங்கிய பிறகு சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் பாறை ஏறுகிறவர்கள் வரத் தொடங்கினார்கள். விழுந்தால் தாங்க முதுகில் தடித்த மெத்தை, கை வழுக்காமலிருக்க இடுப்பில் வெள்ளைப் பொடிப் பை. முதல் முறை சண்டை போடும் எண்ணத்தோடுதான் போனேன். கூட்டத்தை அழைத்து வந்த பெண் நிதானமாகப் பேசினாள்.

"அந்தப் படத்த நாங்களும் பார்த்துட்டோம் அங்கிள். அந்தப் பக்கம் கையே வைக்க மாட்டோம். இது உங்க மலையும் இல்ல, எங்க மலையும் இல்ல. ரெண்டு பேரும் வரலாம்ல?"

சொன்னபடி குன்றின் மேற்குப் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். போகும்போது ஒட்டிய பொடியைப் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டுப் போனார்கள். இந்தத் தை மாதம், கயிறு மாட்ட உச்சியில் இரண்டு எஃகு ஆணிகள் பொருத்தப் போவதாகவும் என்னிடம் சொன்னாள். நான் மறுக்கவில்லை. கீழே கொல்லையில் இருப்பவர்களிடமும் சொல்ல வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

மாசி பிறந்ததும், குன்றின் அடிவாரத்தில் பயிர் வைக்கும் அம்மா எனக்குப் போன் செய்தார்.

"சார், நம்ம மலைக்கும் வந்துட்டானுங்க. மேல குழி போட்டுக்கினு போயிருக்கானுங்க."

இந்த வட்டாரத்தில் பாறையில் புதுக்குழி விழுந்தால் மக்களுக்கு நினைவு வருவது வெடி ஒன்றுதான். பக்கத்துக் குன்றிலும் குவாரி வந்தபோது முதலில் குழிகள்தான் தெரிந்தன. இப்போது அங்கே குன்று இல்லை. பச்சைத் தண்ணீர் தேங்கிய பள்ளம் இருக்கிறது. அங்கு இன்னமும் வெடி வைக்கிறார்கள். வைக்கிற மதியங்களில் அந்த அம்மாவின் வீட்டில் தட்டுகள் தாமாக அதிரும்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவருடைய கொழுந்தனார், அறுத்த பிளாஸ்டிக் டிரம்மில் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தார். பக்கத்து வாளியில் காவி. பாறையில் வெள்ளையும் சிவப்புமாகப் பட்டை அடித்துவிட்டால் அது சாமியின் இடம். யாரும் தொடத் தயங்குவார்கள்.

"பட்டை அடிச்சி ஒரு வேல் நட்டுட்டா முடிஞ்சிது சார்," என்றார் அந்த அம்மா. "எந்த ஆபீஸரும் செருப்பக் கழட்டிட்டுத்தான் ஏறணும். குவாரிக்காரனுக்கு கவர்மெண்டுகிட்ட பயம் இல்ல. சாமிகிட்ட இருக்குது."

"எங்கே அடிக்கப் போறீங்க?"

"கொகைக்குள்ளதான். சாமி என்ன வெயில்லயா நிக்கும்?"

குழிகள் யாருடையவை என்று விளக்கினேன். கொழுந்தனார் கையிலிருந்த கட்டையை விட்டுவிட்டுச் சிரித்தார். "மலை ஏற ஆணியா? எங்க ஆடு தெனமும் ஏறிக்கினு கீது. அதுக்கு எவன் சார் ஆணி அடிச்சான்?"

அந்த அம்மா சிரிக்கவில்லை. "சரி, அவங்களே போட்டதுன்னு வச்சிக்குவோம். குவாரி வராதுன்னு நீங்க உறுதி குடுப்பீங்களா?"

வெளிப்பாறையில் மட்டும் அடிக்கச் சொல்லிக் கெஞ்சினேன்.

"வெளிய அடிச்சா மழையில போயிடும் சார். உள்ள இருந்தாத்தான் கோயிலு." சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஞாயித்துக்கெழம அந்தப் பொண்ண வரச் சொல்லுங்க. இது எங்க குழிதான்னு என் கண்ணு முன்னால சொல்லட்டும். அதுவரைக்கும் சுண்ணாம்பு அப்படியே இருக்கட்டும்."

அந்த வாரம் தினமும் குகைக்குப் போய்ப் படம் எடுத்தேன். மண்டகப்பட்டில் பல்லவ அரசன், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கோயில் எடுத்ததாகப் பாறையிலேயே எழுதி வைத்தான். அங்கே அரசாங்கத்தின் வேலி இருக்கிறது. இந்த மானுக்கு என்னுடைய கைபேசி மட்டும்தான். ஒரு மதியம் பக்கத்துப் பள்ளத்தில் வெடித்தபோது, கூரையிலிருந்து மாவு போன்ற தூசி இறங்கி அதன் முதுகில் படிந்தது. ஊதித் தள்ளவும் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் வந்தாள். மூவரும் உச்சிக்கு ஏறினோம். ஆணிகளைத் தொட்டுக் காட்டினாள். "ரெண்டும் எங்களுதுதாம்மா. வேணாம்னா இப்பவே கழட்டிட்டு அடைச்சிடறேன்."

ஓர் ஆணியை அவள் கழற்றியதும் அந்த அம்மா குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தார். விரல் முழுதாகக்கூடப் போகவில்லை. முகம் தெளிந்தது. "இதுக்கா இவ்ளோ பேஜாரு! ஏம்மா, கீழ வந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? மோராச்சும் குடுத்திருப்பேன்ல."

படங்கள் தப்பித்தன என்று நினைத்தேன். அப்போது கிழக்குச் சரிவிலிருந்து கொழுந்தனாரின் குரல் கேட்டது.

"அண்ணி! ஜல்தி வா!"

குகைக்கு வழி செய்ய முள்ளை வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டிய இடத்தில், குகைக்கு நேர் கீழே, பாறையில் யாரோ முள்ளைப் போட்டு மறைத்த ஒரு குழி. இயந்திரம் துளைத்தது போல விளிம்பில் சிராய்ப்பே இல்லை. சுற்றிலும் கல்மாவு இன்னும் வெளுப்பாகக் கிடந்தது. அவர் ஆடு ஓட்டும் கோலை உள்ளே விட்டார். கோல் போய்க்கொண்டே இருந்தது.

நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவள் மண்டியிட்டு, கல்மாவை விரலில் எடுத்து உதிர்த்தாள்.

"இது எங்களுது இல்ல அங்கிள். இவ்ளோ ஆழம் எங்களுக்கு எதுக்கு?"

அந்த அம்மா குழியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "இன்னும் யாரையாச்சும் வரச் சொல்லணுமா சார்?"

மனுக் கொடுக்கலாம். திண்டிவனத்தில் கொடுத்தால் விழுப்புரத்துக்குப் போகும், அங்கிருந்து அறிக்கை கேட்டுத் திண்டிவனத்துக்கே திரும்பும். இதற்கு முன் கொடுத்தவை எங்கெங்கே நிற்கின்றன என்று எனக்குத் தெரியும். கொழுந்தனார் சுண்ணாம்பு டிரம்மைத் தூக்கப் போனார். குகை வாயிலை அடைத்தபடி நின்றிருந்தவன், ஒதுங்கி வழிவிட்டேன். டிரம்மின் மறுபக்கத்தை அந்தப் பெண்தான் பிடித்துத் தூக்கினாள்.

முதல் பட்டை மானின் மேல் விழுந்தது. ஈரச் சுண்ணாம்பு சாம்பல் நிறமாகத்தான் இருக்கும். அதன் அடியில் கொம்புகள் இன்னும் தெரிந்தன. நான் அதையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்த கொழுந்தனார், எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்து, "காயட்டும் சார், நல்லா வெள்ளையாயிடும்" என்றார். பிறகு காவியைக் கலக்க உட்கார்ந்தார்.