இடம் மிச்சம் பிடித்த சித்தப்பா

சித்தப்பா இப்போதும் கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்து, "உலகத்துப் பாட்டு முழுக்க இதுக்குள்ள கிடக்கு" என்கிறார். வந்தவர்களும் வாயைப் பிளக்கிறார்கள். தகரப் பேணிக்குள் கல்லைப் போட்டுக் குலுக்குவது போன்ற அந்த ஓசையைப் பாட்டென்று சொல்லத் தனித் துணிச்சல் வேண்டும். அது அவரிடம் அன்றைக்கே தாராளமாக இருந்தது.

யுத்தம் நின்றிருந்த சமாதான காலத்தில் வவுனியாவிலிருந்து ஒரு கணினியோடு வந்து, கிளிநொச்சியில் பாட்டுப் பதிகிற கடை திறந்தார். ஒரு சீடிக்குள் நூற்றைம்பது பாட்டு என்று வாசலில் எழுதிப் போட்டிருந்தார். எண்ணிக்கைதான் அவருக்குச் சங்கீதம். அவர் சுருக்கிய சுருக்கில் தவிலும் கடமும் ஒன்றுபோலக் கேட்டன. யாராவது முறையிட்டால், "கேக்குதுதானே, பிறகென்ன?" என்பார். சனமும் பூநகரியிலிருந்தெல்லாம் பஸ் ஏறி வந்து அதை வாங்கிக்கொண்டு போனது.

அவரிடம்தான் அம்மா அந்தக் கசெட்டைக் கொடுத்தார். அப்பா பாடியது. மின்சாரம் இல்லாத, பற்றரிக்கும் தடை இருந்த யுத்த காலத்தில், முரசுமோட்டை வீட்டில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து கசெட் ரேடியோவுக்கு வயர் இழுத்துப் பதிந்தது. அம்மா பெடலைக் கையால் சுற்றச் சுற்ற அப்பா பாடினார். சில்லுச் சுற்றும் இரைச்சல் பாட்டு முழுக்க இருந்தது. முதற்பாட்டு முடிந்ததும் அப்பா சாதாரணக் குரலில் கேட்பார்: "கை நோகுதெல்லே உமக்கு? காணும், விடும்." அப்பா காய்ச்சலில் போன பிறகு அம்மா அந்தக் கசெட்டைப் போட்டதெல்லாம் இந்த ஒரு வசனத்துக்காகத்தான். நாடா தேய்ந்துகொண்டு வந்தது. அந்தப் பயத்தில்தான் சீடியில் ஏற்றித் தரச் சொன்னார்.

சித்தப்பா தன் கெட்டித்தனத்தை எல்லாம் காட்டினார். இரைச்சலை வழித்தெடுத்ததில் அப்பாவின் மூச்சும் சேர்ந்து போயிருந்தது. சொந்த அண்ணனின் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. மிச்ச இடத்தைச் சினிமாப் பாட்டுகளால் நிரப்பியிருந்தார், இலவசமாம். சித்தப்பாவும் இருக்கத்தான் வீட்டில் சீடியைப் போட்டோம். முதற்பாட்டு முடிந்தது. முடிந்த கையோடு ஒரு குத்துப்பாட்டு குதித்துக்கொண்டு வந்தது.

"நடுவில அவர் கதைச்சது எங்க தம்பி?" என்று அம்மா கேட்டார்.

"பாட்டில்லாத இடமெல்லாம் வெட்டிப்போட்டன் அண்ணி. இடம் மிச்சமெல்லே."

"அப்ப கசெட்டைத் தாங்கோ."

"அது நல்ல கசெட். ஒராளுக்கு அதில வேற பாட்டு அடிச்சுக் குடுத்திட்டன். அதுதான் சீடி இருக்கே."

முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. பாராட்டுக் கிடைக்கும் என்று காத்திருந்தார். கிடைக்காமல் போகவே, தேத்தண்ணிக்குச் சீனி காணாது என்றார்.

அம்மா சீனிப் போத்தலைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

"பாட்டை ஆரும் பாடலாம் தம்பி," என்றார். "கை நோகுதோ எண்டு கேக்க எனக்கு அவர் ஒராள்தான் இருந்தவர்."