முதல் வரிசை, வலது தண்டு

என் கணவருக்குப் போட்ட மாலையைக் கழற்றியது நான்தான். அறுபத்தைந்து பாகிஸ்தான் சண்டையில் இடது தோளில் குண்டு பட்டு, பூனாவில் ஏழெட்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து, அவர் ஊருக்குத் திரும்பியிருந்த சமயம். ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டு, அவரை மேடையில் உட்காரவைத்து, ஆளுயர ரோஜா மாலை போட்டார்கள். நான்கு பேர் பேசினார்கள். நான்காமவர் தாயகம், தியாகம் என்ற இரண்டு சொல்லை வைத்தே முக்கால் மணி நேரம் ஓட்டினார். ஈர மாலையின் கனமெல்லாம் அடிபட்ட தோளில் இறங்கிக்கொண்டிருந்தது. இவர் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தபடி உட்கார்ந்திருந்தார். கூட்டம் முடிந்ததும் நானே மேடையேறிக் கழற்றினேன்.

"வலிக்குதுன்னு சொன்னா இன்னா? வாயில இன்னா கொழுக்கட்டையா?" என்று கேட்டேன்.

"ஆசையா போட்டாங்கம்மா," என்றார். அவர் சுபாவம் அப்படி. என் சுபாவம் எப்படி என்பது போகப் போகத் தெரியும்.

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெரு ஆண்கள் பெருமாளைத் தோளில் சுமக்கிறவர்கள். பெருமாள் ஏறி வரும் அந்தச் சிறிய வாகனத்துக்குத் தோளுக்கினியான் என்று பெயர். பெயர் வைத்தவர் ஒருநாளாவது அதைத் தூக்கிப் பார்த்திருந்தால் வேறு பெயர் வைத்திருப்பார் என்று நான் சொல்வேன்; இவருக்குக் கோபம் வந்துவிடும். அடியில் இரண்டு பக்கமும் நீட்டியிருக்கும் தண்டுகளுக்கு வெளிப்புறமாக நிற்பதால், வலது பக்கத் தண்டைச் சுமக்கிறவர்களுக்கு இடது தோள், இடது பக்கத் தண்டைச் சுமக்கிறவர்களுக்கு வலது தோள். ஒரே வரிசையில் இரண்டு பக்கமும் நிற்கிற ஆட்கள் ஒரே உயரமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெருமாள் சாய்ந்துவிடுவார். எந்தத் தோளில் பழகுகிறார்களோ அந்தத் தோளில் காய்ப்பு காய்த்துப்போகும். கடைசிவரைக்கும் அந்தத் தோள்தான், அந்த இடம்தான்.

இவருடைய இடம் முதல் வரிசை, வலது தண்டு. அது இவருடைய அப்பா நின்ற இடம். சீனாக்காரன் சண்டைக்குப் பிறகு இவர் பட்டாளத்தில் சேர்ந்தபோதுகூட, தை மாதம் பார்த்து லீவு எழுதிப் போடுவார். வீட்டுக்கு வரும் கடிதத்தில் பாதி, இந்த வருடம் இவர் இடத்தில் யார் நிற்பது என்ற விசாரணையாகவே இருக்கும். ஐம்பத்தாறு ஏ.பி.ஓ. என்று மேலே போட்டிருக்கும். பட்டாளத்துக் கடிதங்களுக்கெல்லாம் பொதுவான தபால் விலாசமாம் அது; வடக்கே ஏதோ ஒரு ஊர் என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே மழை பெய்கிறதா என்று கேட்டு எழுதியதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

திரும்பி வந்தவருக்கு இடது கை மார்புக்கு மேல் எழவில்லை. அந்தத் தோளில் பாரம் வைத்தால் எலும்பு மறுபடி விட்டுப்போகும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அரிசி மூட்டை, தண்ணீர்க் குடம், எங்கள் பெண் குழந்தை, எல்லாம் வலது தோளில்தான். தூக்குகிறவர்களுக்குத் தலைவராக இருந்த பெரியவர் ஒருநாள் வீட்டுக்கு வந்தார்.

"நீ இனிமே தூக்க வேணாம்பா. சாமிக்கு முன்னாடி நட. மால மரியாதையோட கூட்டினு போறோம்," என்றார்.

இவர் தலையாட்டினார். பெரியவர் போன பிறகு என்னிடம், "முன்னாடி நடக்கறது பெரிய மனுசங்க வேல. எனக்குத் தூக்கத்தாம்மா தெரியும்," என்றார். அதோடு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் பழைய தோள் துண்டைத் துவைத்து, மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். டாக்டர் சொன்னதை மறந்துவிட்டு, பழைய வேட்டிக்குள் இலவம்பஞ்சு வைத்து இடது தோளுக்கென்று ஒரு மெத்தை தைத்தேன். பார்த்துச் சிரித்தார். கூடையில் போட்டுவைத்தேன்.

அதே முதல் வரிசையில் இடது தண்டுக்காரர் எங்கள் எதிர்வீட்டுக்காரர். இவரைவிட ஏழெட்டு வயது பெரியவர். உயரம் மட்டும் அச்சாக ஒன்று. இவர் பட்டாளத்துக்குப் போனபோது, "சாமிய வுட்டுட்டுப் போறான் பாரு," என்று தெருவில் சொன்னவர். அதை நான் மனதில் வைத்திருந்தேன். அந்த ஐப்பசியில் ஒருநாள் விடிகாலை குளக்கரையில் அவரைப் பார்த்தேன். ஒரு சவுக்குக் கட்டையில் மணல் மூட்டையைக் கட்டி, இடது தோளில் வைத்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். மறுநாளும் பார்த்தேன். அதற்கு மறுநாளும். வலது தோள்காரருக்கு இடது தோளில் என்ன பழக்கம் வேண்டிக்கிடக்கிறது? யோசித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. வலது தண்டு என்றால் கோயில் மரியாதையில் ஒரு படி மேல்.

தெருவில் மடக்கினேன். "இன்னாண்ணே, இடது தோள்ல பழகற? எங்கூட்டுக்காரு எடத்துக்கா?"

"ஆமாம்மா, அந்த எடத்துக்குத்தான்," என்றார், கொஞ்சமும் கூசாமல்.

எனக்கு வந்ததே கோபம். "ஒருத்தரு தோள் போனா நீ அதுல எடம் புடிக்கிறியா? நல்லா இருப்பியா?" என்று தெருவே கூடும்படி கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். இவர் வெளியே வந்து என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போனார். "முதல் வரிசை காலியா இருக்கக் கூடாது. அவரு எடத்துக்கு ஒசரம் பொருந்தற ஆளு ஒருத்தன அவரே கூட்டினு வராராம். வுடு," என்றார். சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எதிர்வீட்டுப் பக்கம் நான் திரும்பவே இல்லை.

பொங்கலுக்கு மறுநாள் பெருமாள் பழையசீவரம் மலைக்கு எழுந்தருளுவார். மாலையில் இறங்கி, பாலாற்றைத் தாண்டி, திருமுக்கூடல் போய்ச் சேருவார். வழியெல்லாம் பலர் மாறி மாறித் தூக்கினாலும், ஆற்றைத் தாண்டும் முறை எங்கள் தெருவுக்கு. நான் குழந்தையோடும் அந்தக் கூடையோடும் பஸ்ஸில் போய் ஆற்றங்கரையில் காத்திருந்தேன். மணல் பாதி, கணுக்கால் தண்ணீர் பாதி. இவர் சலவை வேட்டியும் கழுத்தில் மாலையுமாகப் பெருமாளுக்கு முன்னால் நடந்து வந்தார். தெரியாத வீட்டுக் கல்யாணத்துக்கு வந்துவிட்டவர் மாதிரி இருந்தது முகம்.

கரையில் தூக்குகிறவர்கள் இடம் மாறினார்கள். எதிர்வீட்டுக்காரர் நேராகப் போய் வலது தண்டுக்குக் கீழே இடது தோளைக் கொடுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இடது தண்டில் முதல் இடம் காலியாக நின்றது.

"இடது தண்டுக்கு ஆளு கூட்டினு வரன்னியே, எங்க அந்த ஆளு?" என்று பெரியவர் அதட்டினார்.

"கூட்டினுதான் வந்துக்கீறோம்," என்றார் எதிர்வீட்டுக்காரர். பிறகு என் கணவரைப் பார்த்து, "டேய், அந்தாண்ட வலது தோளுக்கு எடம் காலியா கெடக்குது. மாலையப் போட்டுக்கினு இன்னா வேடிக்க பாத்துக்கினு நிக்கற?"

பெரியவர் இரண்டு பேர் தோளையும் மாறி மாறிப் பார்த்தார். இவர் மாலையைக் கழற்றினார், ஒற்றைக் கையால், தானாகவே. இடுப்பில் செருகியிருந்த பழைய துண்டை எடுத்து வலது தோளில் போட்டுக்கொண்டு இடது தண்டுக்குப் போனார். அவர் அழுததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். நான் எவ்வளவு அழுதேன் என்பதைச் சொல்லப் போவதில்லை.

திருமுக்கூடலில் இறக்கிவைத்ததும் எதிர்வீட்டுக்காரரைத் தேடிப் போனேன். மூன்று மாதம் கட்டையைத் தூக்கியும் ஆற்று மணல் அவரைப் பழிவாங்கிவிட்டது. இடது தோளில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. வலது தோளில் இருபது வருடக் காய்ப்பு, வேலையில்லாமல் சும்மா இருந்தது.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேண்ணே," என்றேன்.

"சொன்னா உம் புருசன் வேணாம்னு சொல்லியிருப்பான். நீ கத்துனதுதான் நல்லதாப் போச்சு, அவனுக்கு சந்தேகமே வரல," என்று சிரித்தார்.

கூடையிலிருந்து அந்த மெத்தையை எடுத்தேன். இடது தோளுக்கென்று தைத்தது. அவருக்குச் சரியாகப் பொருந்தியது. கட்டிவிட்டேன். மன்னித்துக்கொள் என்று சொல்லத் தெரியாமல், "ரொம்ப வலிக்குதாண்ணே?" என்று கேட்டேன்.

"அவன் ஒரு தோளையே குடுத்துட்டு வந்து நிக்கறான். நான் மாத்தித்தானம்மா வெச்சேன்," என்றார்.

திரும்பும்போது முதல் வரிசையில் இரண்டு பேரும் ஒன்றாக எழுந்தார்கள். பெருமாள் எந்தப் பக்கமும் சாயவில்லை.