பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஏலத்துக்குப் போன எமிலி அக்கா

எமிலி அக்கா இறந்த செய்தி எனக்குத் தாம்பரம் ரயில் நிலையத்தில் கிடைத்தது. பீச் போகும் மின்சார வண்டி புறப்படத் தயாராக நின்றது. எங்கள் அலுவலகத்தில் தபால் பிரிக்கும் மாணிக்கம் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என்னை உள்ளே இழுக்காத குறையாகக் கூப்பிட்டான்.

"இன்னாபா, உனுக்கு விசயம் தெரியாதா? எமிலி அக்கா பூட்ச்சிபா. காலைல, பெரியாஸ்பத்திரில."

நான் ஏறி உட்கார்ந்தேன். எதிரே இருந்தவர் எங்கள் தெருக்காரர். அக்கா சேர்ந்திருந்த அதே ஏலச்சீட்டில் அவரும் ஒருவர். பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டு "அடடா" என்றார். "நல்ல பொம்பளை" என்றார். வண்டி சானடோரியத்தைத் தாண்டுவதற்குள், "அப்ப மீதித் தவணையை யார் கட்டுவா? அவ புருஷன் எட்வின் கட்டுவாரா?" என்று கேட்டார்.

நான் குரோம்பேட்டையில் இறங்கித் திரும்பிவிட்டேன்.

இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அங்கே பேசியவர்கள் எல்லோரும் அவரை அன்பானவர், பொறுமைசாலி, யாருக்கும் பாரமாக இராதவர் என்றார்கள். கடைசியாகச் சொன்னது மட்டும் உண்மை. ஏன் அப்படி இருந்தார் என்று யாரும் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். இதைப் படிக்கப்போகிறவர்களில் பலர் அவரை அறிந்தவர்கள். சிலர் மிக நன்றாக அறிந்தவர்கள். கேடு அவர்களிடமிருந்துதான் வந்தது.

பல்லாவரத்தில் நாங்கள் வேலை பார்த்த கம்பெனியில் எமிலி அக்கா தட்டச்சர். நான் அவருக்குப் பக்கத்து மேசையில் பில் எழுதுபவன். இருவருக்கும் வீடு மேற்குத் தாம்பரத்தில் ஒரே தெரு. அக்காவுக்குக் குழந்தை இல்லை. கணவர் எட்வின் அண்ணன் ஒரு அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர். மெதுவாகப் பேசுவார், பாதி நாள் பேசவே மாட்டார். இருவருடைய சம்பளத்தையும் சேர்த்தால் வாடகை, அரிசி, மருந்து போக மிஞ்சுவது ஒரு சீட்டுக்குத்தான் போதும். அந்தச் சீட்டுதான் அவர்களுக்கு பாங்க், இன்ஷூரன்ஸ், எதிர்காலம் எல்லாம்.

சீட்டு பிடித்தவர் எங்கள் அலுவலகத் தலைமை குமாஸ்தா தேவராஜ் சார். மாதத்தின் முதல் ஞாயிறு, கோயில் ஆராதனை முடிந்ததும், அவர் வீட்டுக் கூடத்தில் ஏலம் நடக்கும். இருபது பேர், ஆளுக்கு ஐம்பது ரூபாய், மொத்தம் ஆயிரம். பணம் வேண்டியவர் அந்த ஆயிரத்தில் எவ்வளவு விட்டுக்கொடுக்கத் தயார் என்று சொல்ல வேண்டும். அதற்குத் தள்ளு என்று பெயர். யார் அதிகம் தள்ளுகிறாரோ அவருக்குச் சீட்டு. தள்ளிய பணத்தில் தேவராஜ் சாரின் கமிஷன் போக மிச்சத்தை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். சுருக்கமாகச் சொன்னால், ஒருவருடைய அவசரம் மற்றவர்களுடைய வரும்படி. அண்ணன் தம்பி கைகொடுக்கும் வீடுகள், இரண்டு சம்பளமும் சொந்த வீடும் உள்ள வீடுகள் பொறுமையாகக் காத்திருந்து முழுசாக எடுக்கும். கைகொடுக்க ஆளில்லாதவர்கள் தள்ளிக்கொண்டே இருப்பார்கள். பிறகு காத்திருந்தவர்களைச் சிக்கனக்காரர்கள் என்றும் தள்ளியவர்களைக் கை ஓட்டை என்றும் சொல்வார்கள்.

எட்வின் அண்ணனுக்குச் சிறுநீரகத்தில் கல் என்று தெரிந்தபோது தெருவே அவர்கள் வீட்டுக்கு வந்தது. அதில் நான் குறை சொல்ல மாட்டேன். ரொட்டி வந்தது, ஹார்லிக்ஸ் வந்தது, ஜெபம் நடந்தது. சரோஜா டீச்சர் முழங்கால் போட்டு ஜெபித்தார். அவர் மிஷன் பள்ளி ஆசிரியை. கணவர் மீனம்பாக்கத்தில் நல்ல வேலையில் இருந்தார். ஜெபம் முடிந்ததும் டீச்சர் அக்காவின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

"எப்பம்மா ஆபரேஷன்?"

"வர்ற புதன்கிழமை டீச்சர். நர்சிங் ஹோம்ல முன்பணம் கட்டினாத்தான் சேத்துப்பாங்களாம்."

"எவ்வளவு கேக்கறாங்க?"

"அறுநூறு."

"கையில ஏதாவது இருக்கா?"

"ஒண்ணும் இல்ல டீச்சர். சீட்டைத்தான் எடுக்கணும்."

"கர்த்தர் பாத்துப்பார்" என்றார் டீச்சர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா தனியாகப் போகப் பயந்து என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அழுது வீங்கிய கண். முதல் நாள் கட்டிய அதே புடவை. நான் அந்தச் சீட்டில் இல்லை, சுவரோரம் நின்றேன். தேவராஜ் சார் வீட்டில் முறுக்கும் காபியும் சுற்றி வந்தன. ஏலம் தொடங்கியது.

"நூறு தள்ளறேன்" என்றார் அக்கா.

யாரும் போட்டிக்கு வர மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். எல்லோருக்கும் தெரியுமே.

"நூத்தைம்பது" என்றார் சரோஜா டீச்சர், முறுக்கை உடைத்துக்கொண்டே.

அக்கா திரும்பிப் பார்த்தார். இருநூறு என்றார். டீச்சர் இருநூற்றைம்பது என்றார். அக்கா முன்னூறு. டீச்சர் முன்னூற்றைம்பது. என்னால் பொறுக்க முடியவில்லை.

"டீச்சர், உங்களுக்கு இப்ப எதுக்குப் பணம்?"

"ஏலம்னா யார் வேணா கேக்கலாம் தம்பி. நீ சீட்டுல இருக்கியா? இல்லல்ல? காபியைக் குடி."

சிலர் சிரித்தார்கள். அக்கா நானூறு என்றார். அத்தோடு டீச்சர் வாயை மூடிக்கொண்டார். ஆயிரத்தில் நானூறு போனால் அறுநூறு. அதற்கு மேல் ஒரு ரூபாய் ஏற்றினாலும் அக்காவால் எடுக்க முடியாது, சீட்டு தன் தலையில் விழும் என்று டீச்சருக்குத் தெரியும். எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அவர் ஜெபத்துக்குப் போன வீட்டில் கேட்டு வைத்திருந்தார்.

தேவராஜ் சார் மூன்று தரம் சொல்லி முடித்தார். கூடத்தில் ஒரு சந்தோஷம் பரவியது. அந்த மாதம் எல்லோருக்கும் நல்ல பங்கு. ஒருவராவது இது அநியாயம் என்று சொல்லவில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது டீச்சர் அக்காவின் தோளைத் தட்டி, "புதன்கிழமை நான் உபவாசம் இருந்து ஜெபிக்கறேன்" என்றார். இருந்திருப்பார். அதிலெல்லாம் அவர் ஏமாற்ற மாட்டார்.

திரும்பி வரும்போது நான் கத்திக்கொண்டே வந்தேன். தெருமுனை வந்ததும் அக்கா நின்றார். பிறகு சொன்னார்: "கத்தாதடா. தப்பு என்னுது. கஷ்டத்தைச் சொல்லிட்டு ஏலத்துக்குப் போனா, நம்ம பையை நாமளே அவிழ்த்துக் காட்டிட்டுப் பேரம் பேசற மாதிரி."

எட்வின் அண்ணன் பிழைத்துக்கொண்டார். அக்கா வேறு ஆளாக மாறிப் போனார்.

அலுவலகத்தில் அவரை அறிந்தவர்களுக்கு அந்த மாற்றம் நினைவிருக்கும். எல்லாவற்றுக்கும் சிரிப்பார். நல்லா இருக்கீங்களா என்று கேட்டால், "எனக்கென்னப்பா, ராணி மாதிரி இருக்கேன்" என்பார். சம்பளத்துக்கு முந்தின வாரம் மதியச் சாப்பாட்டுக்கு வெளியே போவதாகச் சொல்லிவிட்டு, ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருவதை நான் ஒருமுறை பார்த்தேன். கேட்டபோது, "காத்து வாங்கப் போனேன். உனக்கு வேற வேலை இல்ல?" என்றார்.

அடுத்த சீட்டிலும் அவர் சேர்ந்தார், அதே தேவராஜ் சாரிடம், அதே ஆட்களோடு. வேறெங்கே சேர்வது? ஊர் பேர் தெரியாத கம்பெனிகளில் போட்டவர்கள் பூட்டிய கதவைத்தான் பார்த்தார்கள். தெரிந்தவர்கள் சுருட்டிக்கொண்டு ஓட மாட்டார்கள் என்பது ஒன்றுதான் அந்தக் கூடத்தின் யோக்கியதை.

பெருங்களத்தூரில் ஒரு மனைக்கு அவர்கள் முன்பணம் கொடுத்திருந்தார்கள். வெறும் முள்ளுக்காடு. அந்த மாதக் கடைசிக்குள் மீதியைக் கட்டாவிட்டால் முன்பணமும் போய்விடும். இதை அக்கா யாரிடமும் மூச்சு விடவில்லை. ஏலத்தன்று கல்யாணப் பட்டுப்புடவையை எடுத்துக் கட்டினார். தலையில் கனகாம்பரம், முகத்தில் பவுடர். நான் வாசலில் பார்த்துவிட்டு, "எங்கக்கா, கல்யாணமா?" என்றேன்.

"ஆமாண்டா, எனக்குத்தான். வா, சாட்சிக் கையெழுத்துப் போடு."

கூடத்தில் அவர் பேசிய பேச்சை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். யாருடைய மகளுக்கோ வரன் பார்ப்பது பற்றிப் பேசினார். காபியில் சர்க்கரை போதவில்லை என்று தேவராஜ் சாரின் மனைவியைக் கிண்டல் செய்தார். ஏலம் தொடங்கியபோது யாரும் வாய் திறக்கவில்லை. பண்டிகைகள் முடிந்த மாதம், யாருக்கும் அவசரமில்லை.

"என்ன, யாருக்குமே வேணாமா?" என்றார் தேவராஜ் சார்.

"உங்க கமிஷன் எவ்வளவோ அதை மட்டும் தள்ளறேன், என் பேரை எழுதிக்கோங்க சார். சும்மா தூங்கற பணம், என் பீரோவுல வந்து தூங்கட்டும்."

சரோஜா டீச்சர் அவரை மேலும் கீழும் பார்த்தார். புடவையைப் பார்த்தார், பூவைப் பார்த்தார். "உனக்கென்னம்மா, வசதி" என்றார். ஏற்றிக் கேட்டுத் தன் தலையில் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். பேசாமல் இருந்துவிட்டார். கமிஷன் போக முழுத் தொகையும் அக்காவுக்கு வந்தது. தெருமுனை திரும்பியதும் அவர் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது முழுக்கச் சிரிப்பு என்றுதான் அப்போது நினைத்தேன்.

அதற்குப் பின் ஒவ்வொரு முதல் ஞாயிறும் அதே வேஷம்.

மூன்றாவது சீட்டு நடந்தபோது மார்பில் கட்டி இருப்பதை அவர் கண்டுகொண்டார். டாக்டர் உடனே அறுவை செய்ய வேண்டும் என்றார். பெரியாஸ்பத்திரியில் மருத்துவம் இலவசம்தான். ஆனால் மாதக்கணக்கில் சம்பளமில்லா விடுப்பு எடுக்க வேண்டும். வாடகையும் சீட்டுத் தவணையும் நிற்காது. சீட்டை எடுத்தால்தான் சமாளிக்க முடியும். அது பள்ளிக்கூடம் திறக்கும் காலம். எல்லோருக்கும் பணம் வேண்டும், தள்ளு எகிறிக்கொண்டிருந்தது. நோய் என்று தெரிந்தால் இன்னும் எகிறும். கடைசி ஆளாக எடுப்பவருக்கு ஏலமே கிடையாது, தொகை அப்படியே வரும். அக்கா அதுவரை பொறுப்பது என்று முடிவு செய்தார். கணவரிடமும் சொல்லவில்லை. கட்டி பொறுக்கவில்லை.

இதை முட்டாள்தனம் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். நம் தெரு அவருக்குக் கற்றுக்கொடுத்த கணக்கைத்தான் அவர் பிசகாமல் போட்டார்.

கல்லறைத் தோட்டத்தில் நல்ல கூட்டம். சரோஜா டீச்சர் தேம்பித் தேம்பி அழுதார். பொய் அழுகை என்று சொல்ல மாட்டேன். உண்மையான அழுகை. பொய்யாக அழுதிருந்தால் அவரைக் கெட்டவர் என்று ஒதுக்கிவிட்டு மற்றவர்களை மன்னித்திருக்கலாம். எட்வின் அண்ணனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அவர் கேட்டார்:

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அண்ணா? நாங்கல்லாம் இல்லையா?"

எட்வின் அண்ணன் மெதுவாகத் தன் கைகளை விடுவித்துக்கொண்டார்.

"ஒரு தடவை சொன்னாளே டீச்சர்" என்றார்.

டீச்சருக்குப் புரிந்ததா என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் நின்ற தேவராஜ் சாருக்குப் புரிந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு, குழிக்குள் மண் போடுகிறவர்களின் பக்கமாக நகர்ந்தார். அடுத்த முதல் ஞாயிறும் அவர் வீட்டில் ஏலம் நடந்தது. முறுக்கும் இருந்ததாகக் கேள்வி.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது என்ன என்று கேட்டால், பொருள் எதுவும் இல்லை. இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு பெரியாஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். வார்டில் நெடுக வரிசையாகக் கட்டில்கள். அக்கா பாதியாகிப் போயிருந்தார். என்னைக் கண்டதும் முதலில் கேட்டது, "தெருவுல சொல்லிட்டியா?" என்றுதான்.

"இல்லக்கா."

"மஞ்சக்காமாலைன்னு சொல்லு. சீட்டு முடியற வரைக்கும் வாயைத் திறக்காத."

சரி என்றேன். அவர் வார்டைச் சுற்றிப் பார்த்தார். தெரிந்த முகம் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தார். நகம் பதிந்தது.

"ரொம்ப வலிக்குதுடா" என்றார்.

நான் வைத்துக்கொண்டிருப்பது அதைத்தான். அவருக்குக் கொடுத்த வாக்குப்படி அன்று யாரிடமும் சொல்லவில்லை. இப்போது உங்கள் எல்லோரிடமும் சொல்கிறேன். அவருக்கு ரொம்ப வலித்தது. இனி அதை வைத்து யாரும் ஏற்றிக் கேட்க முடியாது.